பக்கத்து வகுப்புச் சுவர்

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் சிரிப்புச் சத்தம் வந்தது.

மா சுன்யோங் டீச்சர் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்த பூவைப் பாதியில் நிறுத்தினார். பூவுக்கு ஆறு இதழ், இதழுக்கு இரண்டு எறும்பு, மொத்தம் எத்தனை எறும்பு என்பது கேள்வி. பூ ஓவியம், எறும்பு அறிவியல், பெருக்கல் கணக்கு. மூன்றும் ஒரே படத்தில் அடங்கிவிட்டன. ஆனால் முன்வரிசைப் பையன் கொட்டாவி விட்டான். அது தொற்றுநோய்போலக் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"டீச்சர், பக்கத்து வகுப்புல எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"கணக்குல சிரிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. நீ எறும்பை எண்ணு."

"நாங்க எப்போ டீச்சர் அந்த வகுப்புக்குப் போவோம்?"

மா டீச்சரின் கையிலிருந்த சாக்குக்கட்டி இரண்டாக உடைந்தது.

குன்சான் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தொடக்கப்பள்ளியில் ஓவியத்தையும் அறிவியலையும் கணக்கையும் சேர்த்துப் பிசைந்து பாடம் நடத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஆசிரியர்கள் அதற்குப் பிபிம்பாப் என்று பெயர் வைத்திருந்தார்கள். சோறு, கீரை, முட்டை எல்லாம் ஒரே கிண்ணம், கலக்கித் தின்ன வேண்டியதுதான். மா டீச்சர் இந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து வருஷா வருஷம் நகரக் கண்காட்சிக்குப் போனது அவருடைய பிபிம்பாப்தான். அடுத்த மார்ச்சில் அவருக்குக் கட்டாய மாற்றல். இந்த ஊர் ஆசிரியர்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரே பள்ளியில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. போகிற வருஷமும் கண்காட்சிக்குப் போய், தலை நிமிர்ந்து வெளியேற வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஆசையில் மண்ணைப் போட வந்து சேர்ந்தாள் பியோ தாரே. கல்லூரிச் சூடு ஆறாத பெண். இரண்டாம் வகுப்பில் இருப்பதே இரண்டு பிரிவு. ஒன்று மா டீச்சருக்கு, மற்றது தாரேவுக்கு. நடுவே ஒரு சுவர், அதுவும் மெல்லிய சுவர்.

மா டீச்சரிடம் போய் இதைப் பொறாமை என்று சொன்னால் கோபம் வரும். "சின்னப் பொண்ணு, அனுபவம் இல்ல, ஒரு அக்கறைதான்" என்பார். அக்கறைக்கு வயிறு எரியாது. அவருக்கு எரிந்தது.

இடைவேளையில் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். தாரேயின் பிள்ளைகள் வண்ணத்தாளை மடித்து மடித்து மீன் செய்துகொண்டிருந்தார்கள். எத்தனை மடிப்புக்கு எத்தனை முக்கோணம் என்று எண்ணி, மீனைத் தொட்டித் தண்ணீரில் விட்டு, எது முதலில் மூழ்குகிறது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குத்தான் அத்தனை சிரிப்பு.

மா டீச்சர் இரண்டாம் வகுப்புகளுக்குப் பொறுப்பாசிரியை. பொதுச் சாமான் அறையின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. கதவைத் தட்டினார்.

"தாரே டீச்சர், தப்பா நினைக்காதீங்க. சாமான் கணக்கெடுப்பு. வண்ணத்தாளெல்லாம் கொஞ்சம் வேணும்."

"எல்லாமேவா டீச்சர்?"

"கணக்குன்னா எல்லாத்தையும் எண்ணணும் இல்லையா?"

தாரே குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் தாள்கட்டை எடுத்து நீட்டினாள். "எடுத்துக்கங்க டீச்சர்." பிள்ளைகளும் எழுந்து நின்று கோரஸாக, "எடுத்துக்கங்க டீச்சர்!" என்று குனிந்தார்கள். நல்ல வளர்ப்பு என்று மா டீச்சரே மனதுக்குள் ஒப்புக்கொண்டார். ஆனால் வெளியே வந்து கதவைச் சாத்தியதும் உள்ளே ஓர் ஆரவாரம் எழுந்தது. அது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் தாழ்வாரம் முழுவதும் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம்.

தலைமையாசிரியர் பாங் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வகுப்புக்குள் போனார். திட்டத்தான் போகிறார் என்று மா டீச்சர் வாசலில் நின்று காது கொடுத்தார். வெகு நேரம் கழித்து வெளியே வந்தவர் கையில் ஒரு காகித மீன். தலை ரோஜா நிறம், வால் பச்சை.

"மா டீச்சர், இதப் பாருங்க! கலர் பேப்பர் இல்லையாம். ஊதா முட்டைக்கோஸை வேகவெச்சு, அந்தத் தண்ணியில வெள்ளைத் தாளை முக்கிட்டாங்க. வினிகர் விட்டா ரோஸ், சோடா மாவு போட்டா பச்சை! எத்தனை சொட்டுக்கு எந்த நிறம்னு பொடிசுங்க எண்ணுது! எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் மா டீச்சர். சந்தோஷத்தில் பல் நறநறத்தது.

அந்த வாரமே அளவுகோல்களுக்கு வேலை வந்தது. தாரே வகுப்பில் நீளம் அளக்கும் பாடம் தொடங்குகிறது என்று ஆசிரியர் அறையில் காப்பி கலக்கும்போது காதில் விழுந்திருந்தது. மா டீச்சர் போய் நின்றார். "ஸ்கேல் எல்லாம் பழசாயிடுச்சு. சரிபார்க்கணும்." மறுபடியும் வணக்கம், மறுபடியும் கோரஸ், கதவைச் சாத்தியதும் ஆரவாரம்.

அளவுகோல் இல்லாத வகுப்பு என்ன செய்யும்? எல்லாரும் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்கள் என்று எண்ணி மா டீச்சர் அன்று இரண்டு கிண்ணம் சோறு அதிகமாகவே சாப்பிட்டார். மறுநாள் பார்த்தால் பிள்ளைகள் வெறுங்காலுடன் வகுப்புத் தரையில் தவழ்கிறார்கள். வகுப்புக்குள் போடும் வெள்ளைச் செருப்புகளைக் கழற்றி, ஒன்றன் பின் ஒன்றாக வைத்து, அறையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

"என் செருப்புல இருபத்தாறு!"

"பொய்! என் செருப்புல முப்பது!"

"உன் கால் எறும்புக் கால்டா!"

சண்டை முற்றி, யாருடைய செருப்பை வைத்து அளப்பது என்று வழக்காகி, கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே செருப்பை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அளவுகோல் என்ற ஒன்று உலகத்தில் ஏன் பிறந்தது என்பது எட்டு வயதில் அவர்களுக்கு விளங்கிவிட்டது. அதோடு விடாமல் செருப்புகளைச் சாயத்தில் முக்கி, நீண்ட தாளில் தடம் பதித்து, கப்பல்துறை போல ஒரு படமும் செய்துவிட்டார்கள். அம்மாக்களின் கைப்பேசிக் குழுவில் அந்தப் படம் சுற்றியது. மா டீச்சர் வகுப்பு அம்மா ஒருத்தி அதற்குக் கீழே, "நம்ம பிள்ளைகளுக்கு எறும்புதான் எண்ணக் கொடுத்துவைத்தது" என்று எழுதிவிட்டு, உடனே அழித்தாள். அழிப்பதற்குள் மா டீச்சர் படித்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கிம்ச்சிக் குழம்பு அடிபிடித்திருந்தது.

"என்ன டீச்சரம்மா, குழம்பு தீய்ஞ்சிருக்கா, இல்ல நீங்க தீய்ஞ்சிருக்கீங்களா?" என்றார் கணவர் போங்சு. குடிநீர் அலுவலகத்தில் வேலை. குழாய் கசிந்தாலும் மனைவி கசிந்தாலும் ஒரே நிதானம்.

"அந்தப் பொண்ணுகிட்ட இருந்து எதைப் பிடுங்கினாலும் அதை வெச்சே ஒரு பாடம் நடத்திடுறா!"

"அப்ப பிடுங்காம இருந்து பாரேன்."

"அதெப்படி?" என்று மா டீச்சர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அடுத்து அறையிலேயே கை வைத்தார். தாரே இருட்டறையில் நிழலாட்டம் காட்டப்போகிறாள் என்று தெரிந்ததும், அறிவியல் அறையை வாரம் முழுவதும் தன் பெயரில் பிடித்துப் பூட்டிவைத்தார். நிழலுக்கு இருட்டறை இல்லையென்றால் என்ன, வெயில் இருக்கிறதே என்று தாரே பிள்ளைகளைத் திடலுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நிழல் விழ ஆள் வேண்டும். அசையாமல் நிற்கப் பிள்ளைகளால் முடியாது. அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் வந்தார் தலைமையாசிரியர்.

அதன்பின் அன்று முழுவதும் மணி அடித்தால் போதும், பாங் ஐயா கோப்புகளைப் போட்டுவிட்டுத் திடலுக்கு ஓடினார். அதே இடத்தில், அதே விறைப்பில் நின்றார். பிள்ளைகள் அவருடைய நிழலைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, நீளம் அளந்து, சாயந்தரத்துக்குள் திடல் முழுக்கக் குட்டையும் நெட்டையுமாகப் பல பாங் ஐயாக்களை வரைந்துவிட்டார்கள்.

"மதியம் நான் எவ்வளவு குட்டை பாத்தீங்களா மா டீச்சர்?" என்று அவர் பெருமையாகக் காட்டினார். "சாயந்தரம் பாருங்க, கொடிக்கம்பம் மாதிரி! முப்பது வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் படமா வரைஞ்சதில்ல."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருந்தது. ஆனால் வெட்டுவதை நிறுத்த மா டீச்சரால் முடியவில்லை. காலையில் காப்பி குடிக்காவிட்டால் தலை வலிப்பதுபோல, பக்கத்து வகுப்பிலிருந்து எதையாவது எடுத்துவராவிட்டால் அவருக்கு நாள் ஓடவில்லை. பசை, தூரிகை, புதிதாக வாங்கிய வண்ணத்தாள், திரும்பக் கொடுத்த அளவுகோல். ஒவ்வொரு தடவையும் அதே வணக்கம், அதே கோரஸ், அதே ஆரவாரம். தனக்குக் காய்ச்சல் வந்த அன்றும், பல் வைத்தியரிடம் போன அன்றும் மட்டும்தான் அவர் ஓய்வெடுத்தார்.

பெற்றோர் வந்து பாடம் பார்க்கும் நாள் நெருங்கியது. அன்று இரண்டு வகுப்பையும் பார்த்துவிட்டுக் கண்காட்சிக்கு யார் என்று சொல்லிவிடுவதாகத் தலைமையாசிரியர் அறிவித்திருந்தார். மா டீச்சர் உண்மையிலேயே பயந்தார். யாரும் இல்லாத வகுப்பில் தன் எறும்புப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருக்கு அழுகை வந்தது. இருபது வருஷமாகப் பிள்ளைகள் தன்னைச் சுற்றித்தான் ஓடிவந்தார்கள். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். கண்காட்சி போனால் போகட்டும், இது தாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போயிருந்த நேரம் தாரேயின் வகுப்புக்குள் நுழைந்தார். பின்சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆறு போல வளைந்து வளைந்து ஒரு நீளப் படம். பிள்ளைகள் பழைய காலண்டர் தாளில் வெட்டிச் சோற்றால் ஒட்டிய வடிவங்கள் வரிசையாகப் போயின. மஞ்சள் சதுரம், நீலக் கோடு, கறுப்புக் கட்டம், சிவப்புத் துளி, பச்சை இலை, மறுபடி மஞ்சள். அபூர்வமாக எங்கோ ஒன்றிரண்டு வெள்ளை வட்டம். ஒவ்வொன்றும் அத்தனை கவனமாக, அத்தனை ஆசையாக ஒட்டப்பட்டிருந்தது.

மா டீச்சருக்குத் தொழில் தெரியும். வடிவங்களை அடுக்கி அதில் ஒளிந்திருக்கும் விதியைக் கண்டுபிடிப்பது இரண்டாம் வகுப்புக் கணக்கு. கணக்கை இவ்வளவு அழகாகச் சுவரில் ஓடவிட்டதை அவர் பார்த்ததே இல்லை. கண்ணைக் கரித்தது. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

"இதுல என்ன விதி, சொல்லுங்க பாக்கலாம்" என்று கணவரிடம் நீட்டினார்.

போங்சு கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். "மஞ்சள், நீலம், நீலம், கறுப்பு… ம்ஹூம். இதுல ஒரு ஒழுங்கும் இல்லம்மா. யாரோ தோணினப்போ தோணினதைச் செஞ்ச மாதிரி இருக்கு."

"உங்களுக்குக் குழாயைத் தவிர என்ன தெரியும்? இது பெரிய விதி. சட்டுனு பிடிபடாது."

மறுநாள் முதல் மா டீச்சரின் வகுப்பில் எறும்புகளுக்கு விடுமுறை. படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு வடிவம் பிசகாமல், அதே வரிசையில், அளவில் மட்டும் இரண்டு மடங்காக வெட்டி ஒட்டினார்கள். வண்ணத்தாளுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வகுப்புத் தாளும் இங்கேதானே இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பசை நாறும் கையோடு அவரைச் சுற்றிவந்து, "டீச்சர், இது என்ன படம்?" என்று கேட்டார்கள்.

"விதி" என்றார் மா டீச்சர்.

தாரே எதற்கோ உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்ததும் முகம் சிவந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டீச்சர்… இது… பெத்தவங்க வர்ற அன்னிக்கு இதையா காட்டப்போறீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. ஆனா… வேற ஏதாவது பண்ணலாமே டீச்சர்? நான் வேணா உதவி பண்றேன். ராத்திரி உக்காந்து நானே வெட்டித் தர்றேன். இதை மட்டும் கழட்டிடுங்களேன், தயவுசெஞ்சு."

மா டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. அப்பாடா, அவளுக்கும் வயிறு எரிகிறது! எத்தனை மாதம் காத்திருந்த காட்சி. பெருந்தன்மையோடு அவள் தோளைத் தட்டினார்.

"தாரே டீச்சர், ஒருத்தர் நல்லா செஞ்சா மனசாரப் பாராட்டக் கத்துக்கணும். பொறாமைப்படக் கூடாது. உடம்புக்கு ஆகாது."

தாரே குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த நாளும் வந்தது. பள்ளி கொடுத்த விருந்தினர் செருப்புகளைத் தேய்த்துக்கொண்டு பெற்றோர் உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள். தலைமையாசிரியர் நடுநாயகமாக நின்றார். மா டீச்சர் புது ஜாக்கெட்டில் மின்னினார். காலையில் பழக்கதோஷத்தில் பக்கத்து வகுப்புக் கத்தரிக்கோல்களையும் அள்ளிக்கொண்டு வந்திருந்ததால் மனதில் ஒரு தெம்பும் இருந்தது.

படத்தைப் பார்த்ததும் அம்மாக்கள் "ஆஹா!" என்றார்கள். கைப்பேசிக் குழுவில் எழுதி அழித்த அம்மாவும் சொன்னாள். மா டீச்சர் அதைக் குறித்துக்கொண்டார்.

"இது ஒரு காலப் பயணம்" என்று குச்சியால் காட்டினார். "மஞ்சள், சூரியன். நீலம், நம்ம கடல். கறுப்பு, ராத்திரி. சிவப்பு, உயிர். பச்சை, தாவரம். இதுல ஓவியமும் இருக்கு, அறிவியலும் இருக்கு. எல்லாத்தையும் கட்டி இழுத்துட்டுப் போறது கணக்கு."

"இந்த வெள்ளை வட்டம்?" என்று தலைமையாசிரியர் கேட்டார். "மொத்தச் சுவர்லயும் ரெண்டே ரெண்டுதான் இருக்கு."

"அதுதான் சார் இந்தப் படத்தோட ஆன்மா. வெள்ளைன்னா மன அமைதி. அமைதி அபூர்வமாத்தான் கிடைக்கும்."

கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்போது பின்னாலிருந்து ஓர் அப்பா கை தூக்கினார். நில அளவை அலுவலகத்துக்காரர். அவருக்கு எதையும் அளந்தால்தான் தூக்கம் வரும்.

"டீச்சர், நானும் வந்ததிலேர்ந்து பாக்கிறேன். அங்க மஞ்சளுக்கு அப்புறம் நீலம் வருது. இங்க மஞ்சளுக்கு அப்புறம் சிவப்பு வருது. விதி என்னன்னு பிடிபடலையே?"

"அதைப் பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும்" என்று மா டீச்சர் சிரித்தார். "யாருக்குத் தெரியும்?"

ஒரு கையும் உயரவில்லை. முன்வரிசைப் பையன் கொட்டாவி விட்டான்.

"சரி, நீங்களே சொல்லிடுங்க" என்றார் அந்த அப்பா.

"சொல்லுங்க மா டீச்சர்" என்று தலைமையாசிரியரும் ஆவலாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கும் தெரிஞ்சாகணும். பக்கத்து வகுப்புலயும் இதே மாதிரி ஒண்ணு பாத்தேன். அந்த டீச்சரைக் கேட்டா, சொல்ல மாட்டேன்னு சிரிச்சு மழுப்பிட்டாங்க."

மா டீச்சர் குச்சியைச் சுவரில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓட்டினார். "அது வந்து சார்… பெரிய விதி…"

அப்போது கதவு மெல்லத் தட்டப்பட்டது. பக்கத்து வகுப்புச் சிறுமி சோல்பி எட்டிப் பார்த்து, குனிந்து வணங்கினாள்.

"டீச்சர், எங்க கத்தரிக்கோல்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் இரவல் தருவீங்களா? எங்க அம்மா அப்பால்லாம் வந்து நிக்கிறாங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் சுவரைப் பார்த்தாள். வாய் பிளந்தது.

"ஐ! எங்க படம்! எவ்ளோ பெருசு!"

"வா பாப்பா, நல்ல நேரத்துல வந்தே" என்று தலைமையாசிரியர் அவளை முன்னால் இழுத்துவிட்டார். "இதுல என்ன விதின்னு உனக்குத் தெரியுமா?"

சோல்பி எல்லாருடைய முகத்தையும் ஒரு முறை பார்த்தாள். இவ்வளவு பெரியவர்களுக்கு இது கூடவா தெரியவில்லை என்று அவளுக்கு வியப்பு.

"விதியெல்லாம் ஒண்ணும் இல்ல சார், மா டீச்சர் கதவைச் சாத்தினதுமே கத்திக்கிட்டு ஓடிப்போய் ஒண்ணு ஒட்டுவோம், மஞ்சள்னா டீச்சர் எங்க கலர் பேப்பரை எடுத்துட்டுப் போன நாள், நீலம்னா ஸ்கேலு, சிவப்புன்னா பசை, பச்சைன்னா பிரஷ்ஷு, கறுப்புன்னா அறிவியல் ரூமைப் பூட்டிட்ட நாள், வெள்ளைன்னா டீச்சர் எங்க வகுப்புப் பக்கமே வராத நாள்!"